கூகைக்கு ஒரு கூடு

 

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் பயணிகள் ரயிலில் மாலை நேரத்தில் நீங்கள் எப்போதேனும் பயணம் செய்ததுண்டா? இல்லையெனில் அடுத்த தை மாதத்தில் ஒரு முறை ஏறிச் சன்னல் ஓரமாய் அமருங்கள். பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம் என்று சின்னச் சின்ன நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். தென்னந்தோப்புகளுக்கு மேலே ஓரிடத்தில் கோயில் கோபுரம் தெரியும். மற்றோரிடத்தில் பள்ளிவாசல் மினாரா தெரியும். இரண்டுக்கும் இடையே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சம்பா நெல், கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும். காவிரியும் குடமுருட்டியும் வெட்டாறும் வெண்ணாறும் ஊட்டி வளர்த்த பூமி இது. இந்த மண்ணில் பிறந்து, இதே மண்ணில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருபவன் நான்.

மஃரிபு நேரம் நெருங்குகையில் வயல்களின் நடுவே ஒரு காட்சியைக் காணலாம். தென்னை மட்டையைத் தலைகீழாய் ஊன்றியிருப்பார்கள். அல்லது ஒரு மூங்கில் கழியின் உச்சியில் குறுக்குச் சட்டம் அறைந்து நட்டிருப்பார்கள். புதியவர்கள் அதனை ஏதோ எல்லைக் குறி என்று எண்ணக்கூடும். உண்மையில் அது ஒரு விருந்தினருக்காக இடப்பட்ட ஆசனம். இருட்டிய பின் ஓசையில்லாமல் வந்து அமரும் அந்த விருந்தினரின் பெயர் கூகை. நம் பெண்கள் 'சாக்குருவி' என்று அஞ்சி, பெயரைக்கூட உரக்கச் சொல்லத் தயங்கும் அதே ஆந்தைதான்!

வயலில் ஆசனம் இட்டு அழைக்கும் நாமே, வீட்டுக் கூரையில் வந்து அமர்ந்தால் கல்லெடுத்து விரட்டுகிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். கூடவே, கூட்டை இழந்த இரண்டு கூகைக் குஞ்சுகளை வளர்த்து மீண்டும் வானத்திடமே ஒப்படைத்த ஒரு சிறு அனுபவத்தையும் சொல்ல வேண்டும்.

நெல் இருக்குமிடத்தில்...

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்க மன்னர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. வட்டமான சுவரும் கூம்பிய கூரையுமாய் 36 அடி உயரம் கொண்ட அக்களஞ்சியம் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். நம் முன்னோர் நெல்லை எவ்வளவு அருமையாய்ப் போற்றினர் என்பதற்கு அது ஒரு சாட்சி. அவர்கள் அஞ்சியது திருடனை மட்டுமன்று, எலியையுந்தான்.

டெல்டா விவசாயிக்கு எலியைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வரப்பைக் குடைந்து வளை தோண்டும். பால் பிடிக்கும் பருவத்தில் தாளை அறுத்துத் தள்ளும். தின்பது கொஞ்சம், கதிர்களை இழுத்துச் சென்று வளைக்குள் சேமிப்பது அதிகம். அறுவடைக்குப் பின் எலி வளைகளைத் தோண்டி நெல் எடுத்து அடுப்பேற்றிய ஏழைக் குடும்பங்களை என் இளமையில் நான் பார்த்திருக்கிறேன். எலியைப் பிடிக்க நம் மக்கள் கண்ட கருவிக்குத் 'தஞ்சாவூர்க் கிட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூங்கிலை வில்லாய் வளைத்துச் செய்யும் எளிய பொறி அது. பின்னாளில் நஞ்சு உருண்டைகள் வந்தன. அவற்றின் தீங்கைப் பின்னர் சொல்கிறேன்.

கிட்டி வருமுன்பே, நஞ்சு வருமுன்பே, இறைவன் இந்த வயல்களுக்கு ஒரு காவலாளியை நியமித்திருந்தான். மயிலாடுதுறைக்கு அருகில் மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியல் துறையினர், காவிரி டெல்டாவின் கூகைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். கூகை தன் இரையை முழுதாய் விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாயால் கக்கிவிடும். அந்த உருண்டைகளைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்தால், முந்திய இரவில் அது எதனை உண்டது என்பது தெளிவாய்த் தெரிந்துவிடும். அவ்வாறு ஆராய்ந்ததில் மிகுதியாய்க் கிடைத்தவை வயல் எலிகளின் எலும்புகளே.

அதன் உடலமைப்பைப் பாருங்கள். இதய வடிவான அந்த வெள்ளை முகம் அழகுக்காக அமைந்ததன்று. ஓசையைத் திரட்டிச் செவிக்குள் அனுப்பும் தட்டு அது. இரு செவிகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே. இதனால் இலைச் சருகின் அடியில் எலி நகரும் ஓசை எத்திசையில், எவ்வளவு தாழ்வில் எழுகிறது என்பதைக் கும்மிருட்டிலும் அது கணித்துவிடும். இறகுகளின் ஓரம் மென்மையான குஞ்சம் போல் இருப்பதால் பறக்கும்போது சிறகோசை எழுவதில்லை. படைத்தவனின் நுட்பத்தை எண்ணி வியக்க வேண்டிய இடத்தில் நாம் அச்சங்கொண்டு நிற்கிறோமே!

என் சிறு வயதுக் குற்றம்

எனக்கு அப்போது பத்து வயது. ஊர்க் குளக்கரையில் நின்ற பழைய இலுப்பை மரத்தின் பொந்தில் ஒரு கூகை குடியிருந்தது. தெருவில் ஒருவர் நோயுற்றிருந்தார். கூகை கத்துவதால்தான் நோய் தீரவில்லை என்று யாரோ சொல்ல, சிறுவர்கள் நாங்கள் கல்லெடுத்துப் புறப்பட்டோம். தாய்ப்பறவை அடிபட்டு வீழ்ந்தது. பொந்துக்குள் ஒரேயொரு குஞ்சு உயிரோடிருந்தது. அதனை நான் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

கோழிக்கூண்டில் வைத்தேன். பாலும் சோறும் ஊட்டினேன். தோழர்களை அழைத்து வந்து காட்டினேன். அது 'உஸ்' என்று சீறும்போதெல்லாம் கைகொட்டிச் சிரித்தோம். கூகை கத்தினாலே அடுப்பில் உப்பை அள்ளிப் போடும் என் நன்னி, "பாவம்டா அது, எடுத்த இடத்திலேயே விட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னார்கள். எடுத்த இடத்தில் தாய் இல்லை என்பது எனக்கல்லவா தெரியும்! மூன்றாம் நாள் காலையில் குஞ்சு கூண்டின் மூலையில் கழுத்து மடங்கிக் கிடந்தது.

அன்று மக்தபில் அழுதுகொண்டே அமர்ந்திருந்த என்னை உஸ்தாத் அடிக்கவில்லை. ஒரு ஹதீஸைச் சொன்னார்கள். பயணம் ஒன்றில் நபித்தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை அவர்கள் தலைக்கு மேலே சிறகடித்துத் தவித்தது. அங்கு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பிரித்து இதனைத் துயரப்படுத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள். அபூதாவூதில் இடம் பெற்றுள்ள செய்தி இது. எனக்கோ திருப்பிக் கொடுக்கத் தாயும் இல்லை, குஞ்சும் இல்லை.

நாற்பதைக் கடந்த பின்னும் அந்தக் கழுத்து மடங்கிய குஞ்சு என் கண்ணை விட்டு அகலவில்லை.

மினாராவில் ஒரு குடும்பம்

2025 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ரமளானை வரவேற்க எங்கள் பள்ளிவாசலுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். லுஹர் தொழுகைக்குச் சற்று முன் மோதினார் விரைந்து வந்தார். "ஹஜ்ரத், மினாரா மாடத்துல சாக்குருவிக் குஞ்சு இருந்திச்சாம். வேலை பார்க்கிற பையன் கூட்டையே வழிச்சுக் கீழே தள்ளிட்டான்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று குஞ்சுகள். ஒன்று விழுந்த வேகத்தில் இறந்திருந்தது. மற்ற இரண்டும் மணல் குவியலில் விழுந்ததால் பிழைத்திருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கூகை எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் இடுவதில்லை. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஆதலால் ஒரே கூட்டில் அண்ணனும் தம்பியுமாய் வேறு வேறு பருவத்தில் குஞ்சுகள் இருக்கும். இரை குறைந்த ஆண்டில் மூத்தவையேனும் பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு அது.

வாசகர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, கூகை உள்ளிட்ட வேட்டைப் பறவைகளைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். இரக்கத்தால் செய்தோம் என்பது அதற்கு விலக்காகாது. ஆகவே அன்றே வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். மாலையில் வனப் பணியாளர்கள் கால்நடை மருத்துவர் ஒருவருடன் வந்தனர். எலும்பு முறிவு எதுவும் இல்லை. மினாரா முழுதும் சாரம் கட்டி வேலை நடந்ததால் குஞ்சுகளை மீண்டும் அங்கு வைக்க வழியில்லை. கூகை, கூட்டை விட்டுத் தரையில் விழுந்த குஞ்சுக்கு இரை ஊட்டாது. எனவே பள்ளிக்குப் பின்புறம் வக்ஃபு நிலத்தில் இருந்த பழைய நெல் கொட்டகையின் பரணில் பெட்டி ஒன்று கட்டி, அதில் குஞ்சுகளை வைத்து, தாய் தேடி வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் தங்கள் மேற்பார்வையில் அங்கேயே வளர்த்துப் பறக்க விடுவது என்று முடிவு செய்தனர். ஐந்து இரவுகள் காத்திருந்தோம். தாய் வரவில்லை.

வேட்டைக்காரர்கள் கண்ட வழி

அவர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாறு நமக்குப் பெருமிதம் தருவது.

பயிற்றுவிக்கப்பட்ட விலங்கு, பறவைகளைக் கொண்டு வேட்டையாடுவதற்குத் திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் 4 ஆம் வசனத்தில் அனுமதி உண்டு. அரபியரும் பாரசீகரும் வல்லூறு வளர்ப்பை ஒரு கலையாகவே போற்றினர். 'ஷாஹீன்' என்ற பாரசீகப் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வைக்கப்படுகிறதல்லவா? அது ஒரு வேட்டைப் பறவையின் பெயரே. 13 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், அரபியில் இருந்த வல்லூறு வளர்ப்பு நூல் ஒன்றை இலத்தீனில் மொழிபெயர்க்கச் செய்தார். பறவையின் கண்களை மறைக்கும் தோல் முகமூடியின் பயனைத் தாம் கீழை நாட்டாரிடமிருந்து அறிந்ததாகத் தம் நூலில் அவரே குறிப்பிட்டார்.

ஐரோப்பிய வேட்டைக்காரர்களிடையே ஒரு பழக்கம் நிலவியது. கூட்டிலிருந்து எடுத்த இளம் பறவையை உயரமான திறந்த பெட்டியில் வைப்பர். நாள்தோறும் குறித்த நேரத்தில் பலகையில் இரை வைப்பர். பறவை தானே சிறகு பழகி, சுற்றுப்புறத்தில் பறந்து திரிந்து, இரைக்கு மட்டும் பலகைக்குத் திரும்பும். அது தானே வேட்டையாடத் தொடங்குமுன் மீண்டும் பிடித்துவிடுவர். அடைத்து வளர்த்த பறவைக்கு வராத வலிமை இப்படி வளர்ந்த பறவைக்கு வந்தது.

அண்மைக் கால அறிஞர்கள் இம்முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைசிப் படியை மட்டும் விட்டுவிட்டனர். மீண்டும் பிடிப்பதில்லை! அவ்வளவுதான். அந்த ஒரு மாற்றத்தால், அழியும் நிலையில் இருந்த இனங்கள் பிழைத்தன. டி.டி.டி. மருந்தால் முட்டை ஓடு மெலிந்து அமெரிக்காவில் அழிந்து வந்த பொரி வல்லூறு, 1970 களிலிருந்து இவ்வாறு ஆயிரக்கணக்கில் வளர்த்து விடப்பட்டு, 1999 இல் அந்நாட்டின் ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீங்கியது. தமிழர்கள் குடியேறி வாழும், பணத்தாளில் தமிழ் எழுத்துப் பொறித்த மொரீஷியஸ் தீவில் 1974 இல் அத்தீவுக்கே உரிய சிறு வல்லூறு நான்கே எஞ்சியிருப்பதாய்க் கணக்கிடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் 331 பறவைகள் வளர்த்துக் காட்டில் விடப்பட்டன. வளைகுடாவில் பணியாற்றும் நம் சகோதரர்கள் அறிந்த அபுதாபியில், வேட்டைக்குப் பயன்பட்ட வல்லூறுகளை மீண்டும் இயற்கையில் விடும் ஷேக் ஸாயித் திட்டம் 1995 இல் தொடங்கியது. இதுவரை 2,000 க்கும் மேற்பட்ட பறவைகள் விடுதலை பெற்றுள்ளன.

நம் நாட்டிலும் இல்லாமலில்லை. நம் டெல்டாவின் கோடிக்கரைக்கு வந்து பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்த சாலிம் அலி அவர்களை (1896–1987) அறிவீர்கள். அவருடைய வாழ்நாள் உழைப்பைப் பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், ஹரியானா மாநிலம் பிஞ்சோரில் பாறு கழுகுகளை வளர்க்கிறது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளைக் கொன்றது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் இனம் அது. 2006 இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. 2020 இல் பிஞ்சோரிலிருந்து எட்டு வெண்முதுகுப் பாறுகள் திறந்த வானில் விடப்பட்டன. ஓர் இனத்தை அழிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் போதும். எட்டுப் பறவைகளைத் திருப்பித் தர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

காணாமல் வளர்ப்பது

எங்கள் பெட்டிக்கு வருகிறேன். தச்சர் ஒருவர் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். வயலை நோக்கிய பக்கம் மட்டும் மூங்கில் சட்டங்கள். மற்ற மூன்று பக்கமும் பலகை. குஞ்சுகள் வெளியுலகைப் பார்க்க வேண்டும். எங்களைப் பார்க்கக் கூடாது. பின்புறம் சாய்வாய் ஒரு குழாய். அதன் வழியே இரையைத் தள்ளிவிட வேண்டும். யார் தருகிறார் என்பது பெறுபவருக்குத் தெரியாமல் கொடுப்பது தர்மத்தில் உயர்ந்தது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனை அந்தப் பரணில்தான் செய்து பழகினேன்.

இதில் ஓர் உண்மை உண்டு. மனிதக் கையால் உண்டு வளரும் குஞ்சு, மனிதனையே தன் இனம் என்று எண்ணிவிடும். பின்னர் அது துணை தேடுவதுமில்லை, மனிதருக்கு அஞ்சுவதுமில்லை. அஞ்சாத கூகை முதல் கல்லுக்கே இரையாகும். ஆகவே அன்பு மிகுதியால் தடவிக் கொடுப்பதே அதற்கு நாம் இழைக்கும் பெரிய தீங்கு.

மக்தபின் பிள்ளைகளுக்கு இது எளிதாயில்லை. "ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுறோம் ஹஜ்ரத்" என்று கெஞ்சினார்கள். பார்க்க விடவில்லை. அதற்குப் பதிலாய்ப் பெட்டியின் அடியில் விழுந்த கக்கல் உருண்டை ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துக் காட்டினேன். சாம்பல் நிற மயிருக்குள்ளிருந்து சின்னஞ்சிறு மண்டை ஓடும், மஞ்சள் நிற முன்பற்களும், ஊசி போன்ற விலா எலும்புகளும் வெளிப்பட்டன. அன்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அஸர் வரை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இரைக்குத் தஞ்சாவூர்க் கிட்டியே கை கொடுத்தது. கிட்டி வைக்கும் முதியவர் ஒருவர் நாள்தோறும் எலிகளைக் கொண்டு வந்தார். நஞ்சு வைக்காத வயலின் எலியாய் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை, தள்ளாடித் திரியும். அதனைக் கூகை எளிதில் பிடித்து உண்ணும். உண்ட கூகையும் சாகும். முழு எலியாகவும் இருக்க வேண்டும். எலும்பும் மயிரும் இல்லாத வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தால் குஞ்சின் எலும்பு வலுப்பெறாது வளைந்துவிடும். பாலும் சோறும் ஊட்டிய பத்து வயதுச் சிறுவன் செய்த பிழை என்னவென்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு விளங்கியது.

ஒரு மரணமும் ஒரு தவணையும்

ரமளான் பிறந்தது. பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் மூதாட்டி ஒருவர் பல மாதங்களாய்ப் படுக்கையில் இருந்தார். பறக்கும் பருவம் நெருங்கிய குஞ்சுகள் இரவில் உரக்கச் சீறத் தொடங்கியிருந்தன. கேட்பவருக்கு அது கொடூரமான ஓசையே. ஒன்பதாம் நோன்பு இரவு அந்த மூதாட்டி இறையழைப்பை ஏற்றார்.

மய்யித்தை அடக்கிவிட்டுத் திரும்பும்போது அவருடைய மகன் என்னருகில் வந்தார். சினத்தோடு பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாய் இருந்திருக்கும். "நீங்க ஓதுறவங்க ஹஜ்ரத், உங்களை எதுவும் அண்டாது. நாங்க சாமானியப்பட்டவங்க. எங்க அம்மா கடைசி ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டுக் கிடந்தாங்க" என்றார்.

என்ன பதில் சொல்வது? அறியாமைக் காலத்து அரபியர், கொலையுண்டவனின் ஆவி ஆந்தையாகிப் பழிக்குப் பழி கேட்டுக் கத்தும் என்று நம்பினார்கள். அதனை 'ஹாமா' என்றார்கள். அப்படி ஒன்றில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்தது புகாரியிலும் உள்ளது. இதனை எத்தனையோ முறை மேடையில் சொல்லியிருக்கிறேன். தாயை அடக்கிவிட்டு வரும் மகனிடம் அதனைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அது சரியான விளக்கம், சரியான வேளையன்று. அவர் கையைப் பற்றிக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

மறுநாள் ஜமாஅத்தில் பேச்சு எழுந்தது. நோயுற்றவர்களும் குழந்தைகளும் உள்ள தெரு. பள்ளி நிலத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்டனர். அங்கே நான் பேசினேன். மூதாட்டி நோயுற்றது குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவருவதற்கு எவ்வளவோ முன்பு என்பதைச் சொன்னேன். ஹாமாவைப் பற்றியும் சொன்னேன். பிறகு என் சிறு வயதுக் குற்றத்தைச் சொன்னேன். இதுவரை எவரிடமும் சொல்லாத செய்தி அது. இப்போது நிறுத்தினால் வேட்டையாடத் தெரியாத பறவைகள் பட்டினியால் மடியும் என்றேன். முத்தவல்லி சற்று நேரம் யோசித்து, "பெருநாள் வரைக்கும் இருக்கட்டும். அதுக்கப்புறம் கொட்டகை காலியாயிடணும்" என்றார். அது நியாயமான தீர்ப்பு. ஆனால் பறவைகள் பெருநாள் கணக்கறியுமா?

திறந்த கதவு

பதினோராம் நோன்பின் தராவீஹுக்குப் பின், வனப் பணியாளர் ஒருவர் உடனிருக்க, மூங்கில் சட்டங்களை ஓசையின்றி நீக்கினோம். பெரிய குஞ்சு அன்றிரவே கொட்டகை விட்டத்துக்கு வந்தது. சிறியது மூன்று இரவுகள் பெட்டி வாசலிலேயே அமர்ந்து தலையை வட்டமாய் ஆட்டி ஆட்டி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் இரவு பெட்டி வெறுமையாய் இருந்தது.

நாங்கள் தொடர்ந்து பலகையில் இரை வைத்தோம். இதுதான் அம்முறையின் உயிர்நாடி. கதவைத் திறப்பது விடுதலையன்று. தானே இரை தேடும் வரை, தோற்றுத் திரும்பும் இரவுகளுக்கெல்லாம் பலகையில் உணவிருக்க வேண்டும். முதலில் வைத்ததெல்லாம் தீர்ந்தது. பிறகு பாதி. இருபத்தேழாம் இரவில் ஒன்று மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. பெருநாளுக்கு முந்திய மூன்று இரவுகளும் வைத்தது வைத்தபடி கிடந்தது. பெருநாள் தொழுகை முடிந்து, நானும் மோதினாரும் பெட்டியைக் கழற்றி இறக்கினோம். அதற்குள் சில சாம்பல் நிறத் தூவிகள் மட்டும் இருந்தன.

அவை இரண்டும் பிழைத்தனவா? இளம் கூகைகளில் முதல் ஆண்டைத் தாண்டாதவையே மிகுதி. கூட்டில் பெற்றோர் வளர்த்தவற்றுக்கும் அதுவே விதி. ஆதலால் வெற்றி பெற்றோம் என்று நான் மார்தட்ட முடியாது. பத்து வயதில் நான் தர மறுத்த ஒரு வாய்ப்பை, இந்த இரண்டுக்கும் தர முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அருமை வாசகர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியிலோ பழைய வீட்டிலோ கூகைக் கூடு இருந்தால், வர்ணம் பூசும் வேலையைச் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள். முட்டை பொரித்த இரண்டு மாதங்களில் குஞ்சுகள் தாமே பறந்துவிடும். குஞ்சு விழுந்து கிடந்தால், கூடு இருக்குமாயின் மெல்ல எடுத்து அக்கூட்டிலேயே வையுங்கள். மனிதர் தொட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கதை. கூடு இல்லையேல், காயம் பட்டிருந்தால், காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் வைத்து இருட்டான இடத்தில் மூடி வைத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பாலோ சோறோ ஊட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். வயலில் எலிக்கு நஞ்சு வைக்குமுன் கிட்டியையும் ஆந்தைக் கழியையும் நினைத்துப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. அவ்வாண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்கால்களுக்கு வந்து, குறுவை நடவு முடிந்தது. ஒரு மாலை வயல் வழியே நடந்து வந்தேன். தாயை இழந்த அந்த மகனின் வயல் பாதையோரம்தான் உள்ளது. நடவு வயலின் நடுவே புதிதாய் ஒரு தென்னை மட்டை தலைகீழாய் ஊன்றப்பட்டிருந்தது. எலித் தொல்லைக்காக ஊன்றினாரோ, வேறெதற்கோ, நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஸலாம் சொன்னேன், பதில் ஸலாம் சொன்னார். இருவரும் சற்று நேரம் அந்த மட்டையைப் பார்த்தபடி நின்றோம். பாங்கொலி எழுந்ததும் சேர்ந்தே பள்ளிக்கு நடந்தோம்.